அமுக்காத பட்டன்

அடுத்தவர் வீட்டுக் குளியலறைக்குள் அளவு டேப்போடு நுழைந்து, "எங்க வழுக்குதுங்க?" என்று கேட்பதுதான் என் தொழில்.

கோவையில் எங்களுடையது சின்ன அலுவலகம். உடம்பு முடியாமல் போன பிறகும் தங்கள் வீட்டிலேயே இருக்க ஆசைப்படுகிறவர்களுக்காக யாராவது ஒரு கருவி செய்தால், விற்பனைக்கு விடும் முன் எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் அதை ஒரு நிஜமான வீட்டில் மூன்று மாதம் மாட்டி வைத்து, அது உதவியா உபத்திரவமா என்று அறிக்கை எழுத வேண்டும். மாட்டுவது சிவகுமார். எழுதுவது நான். திட்டு வாங்குவது இரண்டு பேரும்.

அப்பா அம்மாவுக்கு ஆசையாக பி.பி. மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அந்த டப்பாவுக்குள் ஊக்கும் ரப்பர் பேண்டும் இருந்ததைப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேற்கொண்டு படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

கம்பியில் காய்ந்த பனியன்

பீளமேட்டில் ஒரு வாடகை வீடு. இடுப்பில் ஆபரேஷன் ஆன ஒரு ரிடையர்டு கிளார்க்கும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீட்டு ஓனரிடம் டாக்டர் சீட்டைக் காட்டி அனுமதி வாங்கி, குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மூன்று கம்பிகள் மாட்டினோம். மூன்று மாதம் கழித்துப் படிவத்தோடு போய் உட்கார்ந்தேன். தினமும் பயன்படுத்துகிறீர்களா? "தெனமுமுங்க." எத்தனை தடவை? "காலைலயும் சாயங்காலமும்." பயனுள்ளதா? "நெம்ப." வேலைக்குச் சேர்ந்த புதிது. எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து, எனக்கே நான் சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒரு போட்டோ எடுக்கலாம் என்று குளியலறைக்குள் போனேன். முதல் கம்பியில் இரண்டு பனியன், இரண்டாவதில் துண்டு, மூன்றாவதில் அந்த அம்மாவின் உள்பாவாடை. எழுந்திருப்பதற்குக் கிளார்க் இத்தனை நாளும் வழக்கம்போல வழவழப்பான குழாயைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மா ஆறுதலாகச் சொன்னார்: "கொடி கட்ட ஒரு ஆணி அடிக்கக்கூட ஊட்டு ஓனரு உடமாட்டேன்னாருங்க. நீங்க வந்துதான் எங்களுக்கு ஒரு வழி பொறந்துச்சு."

மாவு மில் அக்கா

அன்னூர்ப் பக்கம் ரங்கநாயகி அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தைந்து வருஷம் மாவு மில் நடத்தியவர். கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், குழந்தை இல்லை. தம்பி வரதராஜைப் படிக்க வைத்துக் கல்யாணம் முடித்ததெல்லாம் அந்த மில் வருமானத்தில்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மில்லை வேறொருவர் பார்த்துக்கொள்ள, அதன் பின்பக்கத்து வீட்டில் அக்கா தனியாக இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மிஷின் சத்தத்தை வைத்தே அரைபடுவது மிளகாயா மல்லியா என்று சொல்லிவிடுவார்.

தம்பிக்குத் தாராபுரத்தில் ஜவுளிக்கடை. அக்காவைத் தன் வீட்டோடு கூட்டிப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா அசையவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். எங்கள் கருவிகளோடு அக்கா மூன்று மாதம் தனியாக இருந்து பார்ப்பது. இருக்கலாம் என்று என் அறிக்கை சொன்னால் அன்னூர், கூடாது என்றால் தாராபுரம். இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

தம்பி நல்லவர்தானே, போனால் என்ன என்று கேட்டேன். "என்ற தம்பியும் தங்கம், அவன் ஊட்டுக்காரியும் தங்கம். ஒரு டம்ளரக்கூட எடுக்க உடமாட்டாங்க. அங்க போனா வருசம் பூரா நான் விருந்தாளி அம்மணி, இங்கதான் ஊட்டுக்காரி" என்றார். அப்புறம் என் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "மார்க்கு மட்டும் கொறைச்சுப் போட்றாத, கண்ணு."

ஒரு சோதனை அமுக்கல்

இருந்ததிலேயே முக்கியமான கருவி கழுத்தில் மாட்டுகிற ஒரு பட்டன். விழுந்தால் அமுக்க வேண்டும். அமுக்கினால் எதிர் வீட்டு மணிமேகலையின் போன் அலறும். அவர் எடுக்காவிட்டால் எங்கள் அலுவலகம், அதற்கடுத்துத் தாராபுரம். ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்கள் என்றான் சிவகுமார். அக்கா தயங்கினார். "மணிமேகலை சமைக்கிற நேரமாச்சே" என்றார். சோதனைதானே என்று நான் வற்புறுத்தி அமுக்க வைத்தேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மணிமேகலை கையெல்லாம் மாவோடு ஓடி வந்தார். நானும் சிவகுமாரும் மகிழ்ந்துபோனோம். அக்காவுக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. மூன்று தடவை மன்னிப்புக் கேட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கையில் திணித்துத்தான் மணிமேகலையை அனுப்பினார். "விழுந்தா இதை அமுக்குவீங்களா அக்கா?" என்று கேட்டேன். "சரிங்க" என்றார். 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? அன்றைக்குத் தெரியாமல் போயிற்று. வாசல்வரை போய்விட்ட மணிமேகலையைப் பார்த்து அக்கா இன்னொரு தடவை சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை: "உன்ற சோலியக் கெடுத்துப்போட்டனே சாமி, மனசுல வெச்சுக்காத."

கொள்ளு

அடுப்புக்கு மேலே ஒரு சென்சார். சமையலறையில் இருபது நிமிஷம் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அதுவே கேஸை அடைத்துவிடும். அடுப்பை மறந்துவிட்டுப் போகிறவர்களுக்காகச் செய்தது. இரண்டாவது வாரம் அதைச் செய்த கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரே நாளில் நான்கு விபத்துகளைத் தடுத்திருக்கிறோம் மேடம் என்று வாழ்த்துச் சொன்னார்கள். பதறிப்போய் அன்னூருக்கு ஓடினேன்.

விபத்தெல்லாம் ஒன்றுமில்லை. அக்கா கொள்ளு வேக வைத்திருக்கிறார். குக்கர் மூடியை ஒற்றைக் கையால் மூட முடியாது என்பதால் சட்டியில்தான் வைப்பார். நிற்கக் கால் ஒத்துழைக்காது என்பதால் அடுப்பை மூட்டிவிட்டு முன்னறையில் வந்து உட்காருவார். இருபது நிமிஷத்தில் மிஷின் அடுப்பை அணைக்கும். அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்து போய் மறுபடி பற்ற வைப்பார். இப்படி நான்கு தடவை. கொள்ளு என்கிற ஒரு பொருள் உலகத்தில் இருப்பது அந்தக் கருவியைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. சிவகுமார் நேரத்தை ஒரு மணியாக மாற்றிக்கொண்டிருக்க, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அக்காதான் என்னைத் தேற்றினார்: "நாலு தடவ எந்திரிச்சு நடந்ததுல காலுக்கு நல்ல எக்சசைஸ்னு எழுதிக்க அம்மணி. கொள்ளுதான் இன்னும் வேகலே."

காரமடைக் கதவு

அதே சமயத்தில் காரமடையில் இன்னொரு வீடு. பிரபுவுக்கு இருபத்தொன்பது வயது, தசை பலவீனம், சக்கர நாற்காலி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். செல்போனைத் தொட்டால் வாசல் கதவு திறக்கிற பூட்டு ஒன்றை அவன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினான். ஒரு மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், பிரபு கதவைத் திறந்த தடவைகள்: பூஜ்யம். பெல் அடித்ததும் அவன் போனை எடுப்பதற்குள் அவன் அம்மா ஓடிப் போய்த் திறந்துவிடுவார். "எங்கம்மாவ ஒரு நாளைக்கு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க மேடம், கும்புட்டுக் கேட்டுக்கறேன்" என்றான் பிரபு.

ரங்கநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அந்த அம்மா பெருமாளைப் பார்த்ததைவிட செல்போனைப் பார்த்ததுதான் அதிகம். திரும்பி வந்ததும் கதவைத் தள்ளப் போனவரைத் தடுத்து, பெல்லை அடியுங்கள் என்றேன். என் வீட்டுக்கு நானே பெல் அடிக்கவா என்று முனகிக்கொண்டே அடித்தார். டிக் என்று ஒரு சத்தம். கதவு மெதுவாகத் தானே திறந்தது. உள்ளே ஹாலின் கோடியில் பிரபு, மடியில் போன், ஒன்றுமே நடக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரசாதப் பையைப் பிடித்தபடி அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். உள்ளே வராமலே மகனிடம் சொன்னார்: "ஒருக்கா சாத்திப்போட்டு மறுக்கா தொற சாமி. சரியாப் பாக்கல."

எதிர் வீட்டு விசேஷம்

மூன்றாவது மாதத் தொடக்கம், ஒரு திங்கட்கிழமை. அன்னூர் போனேன். அக்காவின் முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு காயம். கதவு இடித்துவிட்டது என்றார். அந்த உயரத்தில் இடிக்கிற கதவு அந்த வீட்டில் எதுவும் இல்லை. அளந்தவள் நான். விடாமல் கேட்டேன். முந்தின நாள் காலை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு வரும்போது குளியலறையை ஒட்டிய நடையில் விழுந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் அந்த ஈரத் தரையிலேயே கிடந்து, அப்புறம் நகர்ந்து நகர்ந்து கட்டில் காலைப் பிடித்து எழுந்திருக்கிறார். பட்டன்? கழுத்திலேயே இருந்தது. கையும் எட்டும். அமுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. எலும்பு முறிந்திருந்தால், தலை அடிபட்டிருந்தால் என்று கத்தினேன். அக்கா புடவைத் தலைப்பால் காயத்தை மூடிக்கொண்டார். எதிர் வீட்டில் அந்த நேரத்தில் மணிமேகலையின் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்களாம். கார் வந்து நின்றது, பேச்சு, சிரிப்பு எல்லாம் கீழே கிடந்த அக்காவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கார் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் நகரவே ஆரம்பித்திருக்கிறார். இதைத் தம்பிக்கு எழுதிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு மூணு வருசமா வரன் தள்ளிப்போகுது அம்மணி. நல்ல காரியம் பேசற ஊட்டுல, விழுந்துட்டேன் வாங்கன்னு நான் மணியடிக்கறதா?"

சரவணம்பட்டி வரைக்கும்

திரும்பும்போது காரில் நான் அழுதேன். படிவத்தில் மூன்றே கேள்விகள். விழுந்தாரா? ஆம். கருவி வேலை செய்கிற நிலையில் இருந்ததா? ஆம். பயன்படுத்தினாரா? இல்லை. இந்த மூன்று டிக் போதும், அக்கா தாராபுரத்துக்கு மூட்டை கட்ட. எழுதாமல் மறைத்தால் அடுத்த தடவை அவர் விழும்போது அதற்கு நான்தான் பொறுப்பு. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சிவகுமார் மேல் கோபப்பட்டேன். பட்டன் ஏன் இவ்வளவு சத்தமாக அடிக்கிறது, ஏன் இப்படி, ஏன் அப்படி என்று.

சரவணம்பட்டி வரைக்கும் அவன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். சிக்னலில் வண்டி நின்றபோது அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். கோபி பக்கம் தனியாக இருக்கிறார், தினமும் காலையில் அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வந்தால் அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். வராத நாளில் இவன் கூப்பிடுவான், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவான். சிக்னல் விழுந்தது. கியரைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "ஒத்தாசைக்கு வாடான்னு எங்கம்மா இதுவரைக்கும் ஒரு தடவ கூப்பிட்டதில்லைங்க மேடம். ஆனா மிஸ்டு கால் ஒரு நாளும் தவறுனதில்லை."

தலைகீழ்

மறுநாளே பட்டனைத் தலைகீழாக மாற்றினோம். இனிமேல் விழுந்தால் அமுக்க வேண்டாம். நன்றாக இருந்தால் அமுக்க வேண்டும். காப்பி குடித்ததும் ஒரு தடவை, குளித்து வந்ததும், மத்தியானம் சாப்பிட்டதும், விளக்கு வைத்ததும் ஒவ்வொரு தடவை. வழக்கமான நேரம் தாண்டி அரை மணி ஆகியும் அமுக்கவில்லையென்றால் மணிமேகலையின் போன் அடிக்கும். அக்கா பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அமுக்காம உட்டாத்தான் அடுத்தவங்களுக்குத் தொந்தரவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மணிமேகலையிடம் விஷயத்தைச் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன். மணிமேகலை அழுதார், பிறகு திட்ட ஆரம்பித்தார். அப்படித் திட்டுவதற்கு உரிமை இருக்கிற பக்கத்து வீடு எனக்கு இல்லையே என்று பொறாமையாக இருந்தது. "பஜ்ஜியத் தின்னுபோட்டுப் போனவிய இன்னிவரைக்கும் ஒரு பதில் சொல்லல. அவியளுக்காகவா அக்கா நீங்க ஈரத்துல கெடந்தீங்க?"

கூப்பிடாமல் வந்தவள்

மூன்றாம் நாளே அக்கா அமுக்க மறந்துவிட்டார். மில்லில் யாரோடோ பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணிமேகலை ஓடி வர, தெருவில் இருந்த நான்கைந்து பேரும் கூடவே ஓடி வர, ஒரே களேபரம். அக்காவுக்கு மானம் போய்விட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. கம்பெனி மேனேஜர்கூட இவ்வளவு ஒழுங்காகக் கையெழுத்துப் போட மாட்டார்.

கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா மறுபடி விழுந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. பட்டன் கழுத்தில். காத்திருந்தார். நாற்பதாவது நிமிஷம் மணிமேகலை தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்து தூக்கிவிட்டார். அடி எதுவும் இல்லை. அந்த அரை மணியைப் பிறகு கால் மணியாகக் குறைத்தோம், நடையில் ஒரு கம்பியும் மாட்டினோம், துணி காயப்போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. செய்தி கேட்டு நான் துள்ளிக் குதித்தேன். கடைசியில் உதவிக்குக் கூப்பிட்டுவிட்டீர்களே அக்கா என்றேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது: "நான் எங்க கூப்பிட்டன்? அமுக்காம இருந்தன், அவ்வளவுதான். அவளா வந்தா."

நான்காவது பக்கம்

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றரை மணி நேரத்தையும் எழுதினேன். எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொன்னேன். "சரிங்க" என்றார். இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. மறைத்தால் என் மற்ற வரிகளுக்கும் மதிப்பிருக்காது அக்கா என்றேன். முடிவுரையில், இந்த ஏற்பாட்டோடு இவர் தனியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். ஆனாலும் படிக்கிறவர் அதுவரை பொறுமையாகப் படிக்க வேண்டுமே.

வரதராஜ் காரோடு வந்திருந்தார். ஒருவேளை அக்கா கிளம்ப வேண்டியிருந்தால் என்று பின்சீட்டில் தலையணைகூடப் போட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நான்காவது பக்கம் வந்ததும் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்றரை மணி நேரமா அக்கா?" என்றார். "எனக்காச்சும் ஒரு போனு..." அக்கா தரையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம கடையில கூட்டமா இருக்குமேடா" என்றார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல. அவருடைய நல்ல கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. முடிந்தது கதை, சிவகுமார் கழற்ற வேண்டிய சென்சார்களை மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

வரதராஜ் மிச்சப் பக்கங்களையும் படித்தார். பிறகு அக்காவின் கழுத்திலிருந்த பட்டனைக் கையில் எடுத்துப் பார்த்து, இதை அமுக்கினால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அமுக்கினால் யாருக்கும் தெரியாது, அமுக்காவிட்டால் முதலில் மணிமேகலை, அப்புறம் எங்கள் ஆபீஸ், மூன்றாவதாக நீங்கள் என்று சிவகுமார் விளக்கினான். அவர் தலையை ஆட்டினார். பட்டனை மெதுவாக அக்காவின் கழுத்திலேயே விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "இங்கயே இருக்கட்டுமுங்க. ஆனா அக்கா விழுந்தா மட்டும் எனக்குச் சொல்றது வேண்டாம். காப்பி குடிச்சா அதும் என்ற போனுக்கு வரோணும்."

விழுந்து கிடந்தாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர்கள் எங்கள் ஜில்லாவில் இருக்கிறவரைக்கும், டேப்பும் கையுமாக என் பிழைப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.